ரப்பர் பாலில் முளைத்த பல்கலைக்கழகம்

1906 இல் சிங்கப்பூரில் அன்னாசி வியாபாரி ஒருவர் 1,80,000 ரப்பர் விதைகள் வாங்கினார். தன் தோட்டத்து அன்னாசி வரிசைகளுக்கு நடுவிலேயே அவற்றை ஊன்றினார். ரப்பர் மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் பிடிக்கும். அதுவரை அன்னாசி சோறு போடும் என்பது கணக்கு. அவர் பெயர் டான் கா கீ. சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஷியாமென் என்னும் துறைமுகத் தீவில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் கதையை அந்த விதைகளிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

பொதுவாக அந்தக் கதையைக் கடலிலிருந்துதான் தொடங்குவார்கள். குறை சொல்வதற்கில்லை. முதுகுப்புறம் குன்று, முன்னால் மணற்கரை, ஒரு பக்கம் நான்பூத்துவோ புத்தர் கோயில், உள்ளே ஓர் ஏரி. கடலைப் பார்த்து வளைந்து இறங்கும் கருங்கல் படிகள், அவற்றுக்கு மேலே ஓட்டுக்கூரை போட்ட ஐந்து கட்டடங்கள். சீனாவின் அழகான வளாகங்கள் எவை என்று பேச்செடுத்தால் ஷியாமென் பெயர் உடனே வந்துவிடும். படம் எடுக்க வருகிறவர்களின் கூட்டம் தாங்காமல், வெளியாட்கள் முன்பதிவு செய்துகொண்டுதான் உள்ளே வரலாம் என்று விதி வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் சீனாவில் அழகான கடற்கரைக்கா பஞ்சம்? தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளி, அரசாங்கத்தை நம்பாமல், ஒரு சின்னத் தீவில் 1921 இல் ஒரு பல்கலைக்கழகம் ஏன் முளைத்தது, முளைத்தது எப்படிப் பிழைத்தது என்பதற்குக் கடல் பதில் சொல்லாது. ரப்பர் விலை சொல்லும்.

முதலில் ஊர். ஆங்கிலேயர் ஏடுகளில் இதன் பெயர் அமோய். அபினிப் போரில் தோற்ற சீனா, 1842 இல் நான்கிங் உடன்படிக்கையின்படி வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்ட ஐந்து துறைமுகங்களில் ஒன்று. இங்கே பேசப்படும் ஹொக்கியன் மொழியில் தேநீருக்கு 'தே' என்று பெயர். கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போன அந்தச் சொல்தான் நம் 'தேயிலை'யிலும் உட்கார்ந்திருக்கிறது. தேயிலையைவிட அதிகமாக இந்தத் துறைமுகம் ஏற்றுமதி செய்தது மனிதர்களை. ஃபூஜியன் மாநிலம் பெரும்பாலும் மலை; உழ நிலம் குறைவு. வயிற்றுப்பாட்டுக்காகச் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் ஜாவாவுக்கும் கப்பலேறுவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. போனவர்கள் அனுப்பும் பணத்தில்தான் கரையோர ஊர்கள் ஓடு வேய்ந்தன, திருமணம் நடத்தின, கோயில் கட்டின. செட்டிநாட்டையோ, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் கடற்கரை ஊர்களையோ அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டான் கா கீ 1874 இல் ஷியாமெனுக்கு எதிர்க்கரையில் உள்ள ஜிமேய் என்ற மீனவ ஊரில் பிறந்தவர். 16 வயதில் சிங்கப்பூருக்கு வந்து அப்பாவின் அரிசிக் கடையில் உட்கார்ந்தார். பிறகு அப்பாவின் தொழில் நொடித்தது. அப்பாவின் கடனுக்கு மகன் பொறுப்பில்லை என்றுதான் சிங்கப்பூர்ச் சட்டம் சொன்னது. இருந்தும் அன்னாசி டப்பா வியாபாரத்தில் கை தேறியதும் அந்தக் கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். இதைச் சும்மா புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. பின்னாளில் வங்கிகள் அவரை நம்பிப் பெருந்தொகை கொடுத்ததற்கு இந்தப் பெயர் ஒரு காரணம்; அந்தக் கடனே அவரை விழுங்கியது வேறு கதை.

அப்புறம் ரப்பர். பிரேசில் மரம் லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877 இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. வந்தும் கிட்டத்தட்ட 20 வருஷம் தோட்டக்காரர்கள் அதைச் சீண்டவில்லை. மலாக்காவில் டான் சே யான் என்பவர் 1896 வாக்கில் முதன்முதலாக வணிகத்துக்காக நட்டார். அவரை நடத் தூண்டியவர்களில் ஒருவர் லிம் பூன் கெங் என்ற சிங்கப்பூர் டாக்டர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். டான் கா கீ விதை வாங்கியது அதே டான் சே யானிடம்தான். மோட்டார் கார் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. முதல் உலகப் போரில் கப்பல் கிடைக்காமல் எல்லோரும் தவித்தபோது இவர் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்தும் வாங்கியும் ஓட்டினார். அதிலும் பணம் கொட்டியது. போருக்குப் பின் பச்சை ரப்பரை விற்பதோடு நில்லாமல் செருப்பு, டயர் என்று செய்பொருளுக்கும் இறங்கினார். மணி முத்திரை போட்ட அவருடைய ரப்பர் செருப்புகள் ஆசியா முழுக்க விற்றன.

கையில் காசு வந்ததும் அவர் பள்ளி கட்டினார். ஜிமேய் ஊரில் ஒரு மீன் குளத்தை வாங்கித் தூர்த்து 1913 இல் தொடக்கப் பள்ளி. 1918 இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 1920 இல் மீன்பிடிப்பும் கடற்பயணமும் சொல்லித்தரும் பள்ளி. சிங்கப்பூரில் 1919 இல் சீன உயர்நிலைப் பள்ளி; இன்று அந்தப் பள்ளி வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அவர் பெயர்தான். பள்ளிகள் பெருகியதும் ஒரு சிக்கல் புலப்பட்டது: சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆசிரியர்களை வடக்கிலிருந்து தருவித்தால் அவர்களுக்கு ஹொக்கியன் புரியாது, நிலைத்தும் இருக்க மாட்டார்கள். ஃபூஜியன் மாநிலத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் இருந்தால்தான் இது தீரும். ஆக, பல்கலைக்கழக யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. தொடக்கப் பள்ளிக்கு வாத்தியார் கிடைக்காத தொல்லையில் பிறந்தது.

1919 இல் ஷியாமெனில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி 40 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். 10 லட்சம் தொடக்கச் செலவுக்கு, மீதி 30 லட்சம் 12 வருஷ நடப்புச் செலவுக்கு. அப்போது அவர் கையில் இருந்த மொத்தச் சொத்தே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பார்கள். தான் ஆரம்பித்து வைத்தால் தென்கடல் நாடுகளில், அதாவது தென்கிழக்காசியாவில், இருக்கும் மற்ற ஃபூஜியன் செல்வர்களும் கை கொடுப்பார்கள் என்று நம்பினார். பல பேரைப் போய்ப் பார்த்தும் கேட்டார். பெரிதாக யாரும் வரவில்லை. அந்த ஏமாற்றத்தைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை.

1921 ஏப்ரல் 6 ஆம் தேதி, ஜிமேய் பள்ளிக் கட்டடத்தில் தற்காலிகமாக, 98 மாணவர்களோடு ஷியாமென் பல்கலைக்கழகம் தொடங்கியது. மறு மாதம் மே 9 அன்று தீவில் கால்கோள். அந்தத் தேதி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. 1915 இல் ஜப்பானின் 21 கோரிக்கைகளுக்குச் சீன அரசு பணிந்த நாள் அது. தேசிய அவமான தினம் என்று சீனர்கள் அதைக் கடைப்பிடித்து வந்தார்கள். இடமும் அப்படித்தான். 1662 இல் தைவானிலிருந்து டச்சுக்காரர்களை விரட்டிய செங் செங்கோங் தன் படைக்குப் பயிற்சி கொடுத்த மைதானம். அப்போது சுற்றிலும் கல்லறைகளும் தரிசும்தான்.

கட்டடக்கலையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று இங்கே நடந்தது. ஹென்றி மர்ஃபி என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். மூன்று கட்டடங்கள் சேர்ந்து முக்கோணமாக ஒரு முற்றத்தைப் பார்க்கும் அமைப்பு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும். டான் கா கீ அதைத் தள்ளிவிட்டார். இப்படிக் கட்டினால் மைதானத்தின் நடுப்பகுதி போய்விடும், நாளைக்குப் பெரிய விளையாட்டுப் போட்டி நடத்த இடம் எங்கே என்று கேட்டு, முதலில் எழுந்த ஐந்து கட்டடங்களையும் (கடற்படிகளுக்கு மேலே நிற்பவை பின்னாளில் வந்த வேறு ஐந்து) ஒரே வரிசையில் நிறுத்தச் சொன்னார். 98 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். சிமெண்டுக்குச் செலவழிக்காமல் உள்ளூரில் மலிவாகக் கிடைத்த கருங்கல்லைப் போட்டார். மேல்நாட்டுச் சுவர், சீனக் கூரை. உள்ளூர்க்காரர்கள் இதை 'கோட்டு சூட்டு போட்டு, தலையில் ஓலைத் தொப்பி' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அந்தக் கிண்டலே இன்று ஒரு பாணியின் பெயர் போல ஆகிவிட்டது.

துணைவேந்தராக வந்தவர் நாம் முன்பு பார்த்த லிம் பூன் கெங். எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், சிங்கப்பூர்ச் சட்டசபையில் இருந்தவர், ஆங்கிலமே முதல் மொழி. ஆனால் கன்பூசியஸ் பக்தர். 16 வருஷம் பதவியில் இருந்தார். சுலபமான காலமில்லை. 1924 இல் நிர்வாகத்தோடு மூண்ட சண்டையில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூட்டமாக வெளியேறி ஷாங்காய் போய், தாசியா என்ற பெயரில் வேறு பல்கலைக்கழகமே தொடங்கிவிட்டார்கள். ஷியாமெனில் மீந்தவர்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்த புயல்: லூ சுன்.

நவீனச் சீன இலக்கியத்தின் தந்தை என்று சொல்லத்தக்க லூ சுன், 1926 செப்டம்பரில் நல்ல சம்பளத்துக்கு ஷியாமென் வந்தார். பழைய மரபை எழுத்தால் தோலுரித்தவருக்கும் கன்பூசியஸ் பக்தரான துணைவேந்தருக்கும் எப்படி ஒத்துப்போகும்? பணம் கொடுத்தவர் பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டுகிற இடம் என்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. காற்று, தனிமை, சாப்பாடு எல்லாவற்றைப் பற்றியும் கடிதங்களில் முணுமுணுத்தார். நாலரை மாதத்தில் மூட்டை கட்டினார். இப்போது போய்ப் பாருங்கள்: அவருக்கு அங்கே சிலை, அவர் தங்கிய கட்டடத்தில் நினைவகம். வாசலில் பொறித்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர்கூட அவருடைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்ததுதான். ஓடிப்போனவரின் கையெழுத்தைப் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு இருக்க வேண்டும். அல்லது சுத்தமாக இருக்கக் கூடாது.

இந்தச் சண்டைகளை எல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ரப்பர் விலையைத் தாங்க முடியாது. 1922 இல் பிரிட்டிஷ் அரசு மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விலை ஏறியது, 1925 கடைசியில் லண்டனில் ஒரு ராத்தல் 4 ஷில்லிங்கைத் தாண்டியது. டான் கா கீயின் உச்சம் அந்த வருஷம்தான். விலை ஏறியதைப் பார்த்த டச்சு இந்தியாவின் (இன்றைய இந்தோனேசியா) சிறு விவசாயிகள் கட்டுப்பாடு ஏதுமில்லாமல் நட்டுத் தள்ளினார்கள். 1928 இல் பிரிட்டிஷார் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். மறு வருஷம் அமெரிக்காவில் பங்குச்சந்தை விழுந்தது, கார் விற்பனை படுத்தது. 1932 இல் அதே ஒரு ராத்தல் 2 பென்சுக்கும் கீழே. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சரிவின் ஆழம் தெரியும்.

கடன் கொடுத்த வங்கிகள் 1931 இல் அவருடைய தொழிலைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்து லிமிடெட் கம்பெனியாக்கின. பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிகளுக்கும் பணம் அனுப்புவதை வெட்டச் சொன்னன. கடையை மூடினாலும் மூடுவேன், பள்ளியை மூட மாட்டேன் என்று நின்றார். இந்தக் காலத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற சிலேடை பிறந்தது. சீனத்தில் 'தாஷியா' என்றால் மாளிகை. எழுத்துகளை இடம் மாற்றி 'ஷியாதா' என்றால் ஷியாமென் பல்கலைக்கழகம் என்பதன் சுருக்கம். மகன்களுக்காக வைத்திருந்த மூன்று மாளிகைகளை விற்று அவர் செலவுக்கு அனுப்ப, 'தாஷியாவை விற்று ஷியாதாவைக் காத்தார்' என்று ஊர் சொன்னது. நம் காளமேகத்துக்குப் பிடித்திருக்கும். 1934 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 12 வருஷம் தருவதாகச் சொன்னவர், 16 வருஷம் இழுத்துப் பிடித்து, முடியாமல் 1937 இல் பல்கலைக்கழகத்தை நிபந்தனையின்றிச் சீன அரசிடம் ஒப்படைத்தார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ரப்பர் என்று சொல்லிவிட்டு மலாயாத் தமிழரைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். டான் கா கீயிடம் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஆனால் அவர் வெறும் தோட்ட முதலாளி இல்லை. பலரிடம் ரப்பர் வாங்கி ஆலையில் பதப்படுத்தி விற்றவர். மலாயா ரப்பர் சந்தைதான் அவருக்கு மழையும் வெயிலும். அந்தச் சந்தையை எழுப்பிய உழைப்பில் பெரும்பங்கு, ஐரோப்பியக் கம்பெனிகளின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழர்களுடையது. திருச்சி, தஞ்சை, சேலம், வடஆற்காடு என்று ஊர் ஊராகக் கங்காணிகள் திரட்டிக் கொண்டுவந்த ஜனம். 2 பென்சுக்கு விலை விழுந்தபோது ஷியாமெனில் பேராசிரியர் சம்பளம் ஆட்டம் கண்டது. மலாயாவில் தமிழர்களின் நாட்கூலி 50 காசிலிருந்து பாதி அளவுக்கு இறங்கியது. லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கப்பலில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கல்வி விஷயத்தைப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று மலாயாத் தொழிலாளர் சட்டம் 1920 களில் சொன்னது. வைத்தார்கள். கொட்டகையில், கோயில் மண்டபத்தில், சில இடங்களில் கங்காணியோ கிராணி என்னும் தோட்டத்துக் கணக்கரோ வாத்தியாராக இருந்து, சில வகுப்புகள் வரை. அதற்கு மேல் பால்வாளிதான். மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் இன்று நிற்பது அந்தக் கொட்டகைகளின் மேல்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் ஒரே ரப்பர், ஒரே விலை. ஒரு சமூகத்தில் பணம் பண்ணியவரும் கூலிக்கு வந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள். இன்னொன்றில் முதலாளி ஸ்காட்லாந்துக்காரர், லாபம் லண்டனுக்குப் போனது. வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு. மீதிப் பாதியை நம்மவர்கள் பக்கம் பார்க்க வேண்டும். மலாயாவிலும் பர்மாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த செட்டியார்களிடம் பணம் இருந்தது, அவர்களில் சிலர் கல்விக்கும் கொடுத்தார்கள். அண்ணாமலை செட்டியார் 1929 இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுப்பினார். மலாயா ரப்பரிலும் கை வைத்திருந்த அழகப்ப செட்டியார் 1947 இலிருந்து காரைக்குடியில் கல்லூரி மேல் கல்லூரியாகக் கட்டி, குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். டான் கா கீயின் மாளிகைக் கதைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க கதை அது. ஆனால் தோட்டத்து லயங்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேரவில்லை. ஊருக்குத்தான் போனது. டான் கா கீயின் பணமும் முக்கியமாக ஊருக்குத்தான் போனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சரி, 1937. அரசிடம் ஒப்படைத்த கையோடு போர் வந்தது. புதிய துணைவேந்தர் சா பென்டோங் இயற்பியலாளர், வயது 35 தான். ஷியாமென் கடலோரம்; ஜப்பான் கடற்படைக்குக் கைக்கெட்டும் தூரம். டிசம்பரில் புத்தகம், கருவி, மனிதர் எல்லாவற்றையும் மலைகளைத் தாண்டி ஃபூஜியனின் மேற்கு மூலையில் உள்ள சாங்திங் என்ற சிற்றூருக்கு நகர்த்தினார். மறு மே மாதம் தீவு ஜப்பானியர் கையில் விழுந்தது. சாங்திங்கில் மின்சாரம் இல்லை. தன் காரின் எஞ்சினைக் கழற்றி மின்னாக்கியாக மாற்றிக்கொடுத்தார் என்று சா பென்டோங்கைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்பது வருஷம் அங்கே. வசதி ஒன்றும் இல்லாத அந்த மலையூரில்தான் பல்கலைக்கழகத்தின் தரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1940 இலும் 1941 இலும் நாடளாவிய மாணவர் போட்டிகளில் முதலிடம் பிடித்தது. வேலை செய்தே உடம்பை அழித்துக்கொண்ட சா பென்டோங் 1949 இல் 46 வயதில் இறந்தார். கடலை இழந்த அந்த ஒன்பது வருஷம்தான் இதை நிஜமான பல்கலைக்கழகம் ஆக்கியது.

திரும்பி வந்ததும் கடலை விஷய ஞானத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். 1946 இல் சீனாவின் முதல் கடலியல் துறை இங்கேதான் திறந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1920 களின் தொடக்கத்தில் இங்கே பாடம் எடுத்த லைட் என்ற அமெரிக்க விலங்கியல் ஆசிரியர், எதிர்க்கரைக் கிராமத்தில் மீனவர்கள் மணலைச் சலித்து ஏதோ புழு போன்ற ஒன்றைக் கூடை கூடையாகப் பிடிப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார். ஆம்ஃபியாக்சஸ். முதுகெலும்பு எப்படித் தோன்றியது என்பதற்குச் சாட்சியாக உலகெங்கும் ஆய்வகங்களில் ஒன்றிரண்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த உயிரி. இங்கே அதைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1923 இல் அவர் இதை 'சயன்ஸ்' இதழில் எழுத, பல்கலைக்கழகத்தின் பெயர் உயிரியல் உலகில் அடிபட்டது. பிற்பாடு அணைகரைகள் எழும்பி மணலும் நீரோட்டமும் மாறி அந்த மீன்பிடிப்பு மங்கிவிட்டது.

1950 இல் டான் கா கீ சிங்கப்பூரை விட்டுச் சீனாவுக்கே திரும்பினார். கையில் பணமில்லை, ஆனால் மருமகன் இருந்தார். லீ கோங் சியான், ரப்பரிலும் அன்னாசியிலும் மாமனாரின் பாதையிலேயே போய், அவரைவிடக் கவனமாகக் கணக்குப் பார்த்தவர். அவர் கொடுத்த பணத்தில் 1950 முதல் 1955 க்குள் எழுந்தவைதான் இன்று எல்லோரும் படம் எடுக்கும் அந்த ஐந்து கட்டடங்களும் கடலைப் பார்த்த கல் படிகளும். 76 வயதைத் தாண்டிய கிழவர் கைத்தடியோடு வேலைத்தளத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். தீவையும் நிலத்தையும் இணைக்கும் அணைகரை 1955 இல் முடிந்ததற்கும் அவருடைய விடாப்பிடி ஒரு காரணம். 1961 இல் பெய்ஜிங்கில் இறந்தவரை ஜிமேய் கரையில் அடக்கம் செய்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு அழகாகக் கடலைப் பார்க்கக் கட்டிய அந்தக் கட்டடங்கள் பீரங்கிகளின் எல்லைக்குள் இருந்தன. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கின்மென் தீவு தைவான் கையில். 1958 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கிய குண்டுவீச்சில் இரு கரையும் அதிர்ந்தன. இந்தப் போர்முனைப் பெயர் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டது. எதிரி கண்ணில் படும் இடத்தில் யார் பெரிய ஆய்வகம் கட்டுவார்கள்? 1952 இல் சோவியத் மாதிரியில் சீனப் பல்கலைக்கழகங்களைப் பிரித்து அடுக்கியபோது பொறியியல் துறைகள் வேறு ஊர்களுக்குப் போயின, கடலியலில் ஒரு பகுதியும் வடக்கே போனது. மிஞ்சியது பொருளியல், கணிதம், உயிரியல், வேதியியல், மானுடவியல். அப்போது தலைமையில் இருந்த வாங் யாநான், மார்க்சின் 'மூலதனம்' நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்த இருவரில் ஒருவர். பெய்ஜிங்கில் பள்ளி ஆசிரியராகத் தடுமாறிக்கொண்டிருந்த தன் பழைய மாணவர் சென் ஜிங்ருன் என்ற கூச்ச சுபாவக்காரரை அழைத்து வந்து நூலகத்தில் வேலை கொடுத்து, கணக்குப் போட விட்டார். 2 க்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்று சொல்லும், இன்னும் நிரூபிக்கப்படாத கோல்ட்பாக் ஊகத்துக்கு இன்றுவரை மிக அருகே போன தேற்றம் அந்த மனிதருடையது.

மானுடவியல் என்றேனே, அங்கே நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் முதல் தொகுதிப் பட்டதாரி லின் ஹுய்சியாங், போர்க்காலத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அலைந்து சேர்த்த பொருள்களைக் கொடுத்து 1953 இல் மானுடவியல் அருங்காட்சியகம் தொடங்கினார். ஷியாமெனுக்கு வடக்கே சுவான்சோ துறைமுகத்தில் 1956 இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கேதான் வந்து சேர்ந்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், மங்கோலியக் கானின் உடல்நலத்துக்காக, அவருடைய ஆணை பெற்று, திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளப் பண்ணினார் என்கிறது. கடைசி வரி சீனத்தில். டான் கா கீ கப்பலேறுவதற்கு 600 வருஷம் முன்னால் எதிர்த்திசையில் நடந்த பயணம்.

பண்பாட்டுப் புரட்சியின் பத்து வருஷம் எல்லாச் சீனப் பல்கலைக்கழகங்களையும் போல இதையும் முடக்கிப் போட்டது. பிறகு காற்று திரும்பியது. 1980 இல் ஷியாமென் நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் ஒன்றானது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பழையதேதான்: தைவானுக்கு எதிர்க்கரை, தென்கடல் நாடுகளில் உறவு. கின்மென் பக்கமிருந்து குண்டு வந்த நீரில் 2001 முதல் பயணிகள் படகு ஓடுகிறது. தென்கிழக்காசிய ஆய்வு, தைவான் ஆய்வு, கடல் அறிவியல், பொருளியல், கணக்கியல் என்று இந்தப் பல்கலைக்கழகம் பெயர் வாங்கிய துறைகளை அடுக்கிப் பார்த்தால், துறைமுகத்தின் ஜாதகத்தையே பார்ப்பது போலிருக்கும். முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கான மத்திய அரசின் 211, 985 திட்டங்கள் இரண்டிலும் இடம் கிடைத்தது.

மாணவர்கள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை. பின்னால் குன்று, முன்னால் கடல், பக்கத்தில் கோயில், சுற்றிலும் சீனாவின் மிக விலையுயர்ந்த வீட்டுமனைகளில் சில. எந்த அழகு பெயர் வாங்கித் தந்ததோ அதுவே கழுத்தைப் பிடித்தது. தண்ணீரைத் தாண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 2003 இல் துறைமுகத்துக்கு அக்கரையில் சாங்சோவில் ஒரு வளாகம்; முதலிரண்டு வருஷ மாணவர்கள் அங்கே, ஆசிரியர்கள் படகில் போய் வருவார்கள். படகுக்கு நேரமாகிவிட்டது என்று பாடத்தை முடிக்கிற பேராசிரியரிடம் மாணவர்கள் சந்தேகம் கேட்பது எப்படி? அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 2010 இல் கடலுக்கடியில் சாலைச் சுரங்கம் திறந்ததும் கிழக்கே சியாங்கான் பக்கம் வழி பிறந்தது. 2012 இல் அங்கே பெரிய வளாகம் வந்தது. மருத்துவம், கடல், ஆற்றல், உயிரியல் ஆய்வுகள் அங்கே போயின. 2016 செப்டம்பரில் மெராந்தி புயல் அதே சியாங்கானில்தான் கரை கடந்தது. புதிய வளாகம், பழைய வளாகம் என்று பார்க்காமல் மரங்களைச் சாய்த்துப் போட்டது. கடலோரத்தில் இருப்பதற்கு வாடகை அவ்வப்போது இப்படிக் கட்ட வேண்டியிருக்கிறது.

98 பேர் இப்போது 40,000 க்கும் மேல். அதில் ஒரு பகுதி சீனாவிலேயே இல்லை. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலம் சிப்பாங் வட்டாரத்தில், 150 ஏக்கரில் ஒரு கிளை வளாகம் 2016 பிப்ரவரியில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சீன அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று வெளிநாட்டில் முழு வளாகமாக எழுப்பியது அதுவே முதல் முறை. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மலேசியப் பிள்ளைகளும் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். நிலம் வாங்கியது சைம் டார்பி குழுமத்திடம். 1910 இல் மலாக்காவில் ரப்பர்த் தோட்டங்களை நிர்வகிக்கப் பிறந்த கம்பெனி அது. அதன் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பறைகள் எட்டுமா என்பது கட்டணத்தையும் உதவித்தொகையையும் பொறுத்தது. கோலாலம்பூரிலிருந்து விமான நிலைய ரயிலில் போகிறவர்கள் சாலாக் திங்கி நிலையத்தில் இறங்கினால் போதும், பக்கத்தில்தான். கோட்டு சூட்டுக்கு மேல் ஓலைத் தொப்பி வைத்த அதே கூரைகள்.